தனி டிரைவில் இரண்டாவது இயங்குதளம்: விண்டோஸைத் தொடாமல் லினக்ஸ் நிறுவுவது எப்படி?

விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் லினக்ஸும் வேண்டும். ஆனால் இருக்கும் டிரைவைக் கூறுபோட மனம் வரவில்லை. சரி, தனியாக ஒரு டிரைவ் வாங்கி அதில் போட்டுவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறீர்கள். நல்ல முடிவு. ஒரு டிரைவ் பழுதானாலும் மற்றது பிழைக்கும், பார்ட்டிஷனைச் சுருக்கி நீட்டும் வேலை இல்லை, வேண்டாம் என்றால் கழற்றி வைத்துவிடலாம்.

ஆனால் டிரைவைத் தனியாக வாங்கிவிட்டால் மட்டும் இரண்டு இயங்குதளமும் தனித்தனியாகிவிடாது. இன்ஸ்டாலர் பல நேரம் லினக்ஸின் கோப்புகளைப் புது டிரைவில் வைத்துவிட்டு, அதைக் கிளப்பும் பூட் லோடரை விண்டோஸ் டிரைவில் கொண்டுபோய் வைத்துவிடும். இரண்டு வீடு கட்டி, இரண்டின் சாவியையும் முதல் வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டியது போல. எல்லாம் நன்றாக ஓடுவதாகவே தெரியும். என்றாவது விண்டோஸ் டிரைவை மாற்றும்போதுதான் லினக்ஸும் சேர்ந்து எழுந்திருக்காமல் போகும்.

ஒவ்வொரு டிரைவும் மற்றதன் துணையில்லாமல் தன் சொந்தக் காலில் கிளம்ப வேண்டும். இந்த வழிகாட்டியின் ஒவ்வொரு படியும் அதற்காகத்தான். நான் திணறித் தெரிந்துகொண்ட இடங்களில் கொஞ்சம் நிதானமாகவே எழுதியிருக்கிறேன். அந்த இடங்களை அவசரமாகத் தாண்டிப் போகாதீர்கள்.

மொத்த வேலைக்கு அரை நாள் ஒதுக்குங்கள். எஸ்எஸ்டியில் நிறுவுவதற்கு 15 முதல் 30 நிமிடம் போதும். நேரத்தைத் தின்பது பேக்கப்பும் டவுன்லோடும்தான். மறுநாள் காலை அந்தக் கணினியில் முக்கியமான வேலை இருக்கிறதென்றால் இன்று ஆரம்பிக்க வேண்டாம்.

1. கையில் எடுத்து வைக்க வேண்டியவை

ஸ்க்ரூ டிரைவரைத் தேடுவதற்கு முன் இவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, டிரைவைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கரின் மீட்புச் சாவி. "நான் பிட்லாக்கர் எதுவும் போடவில்லையே" என்று இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். விண்டோஸ் 11 வந்த பல கணினிகளில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்ளே நுழைந்தவுடன் டிவைஸ் என்கிரிப்ஷன் தானாகவே இயங்கிவிடுகிறது. 24எச்2 பதிப்பிலிருந்து இது இன்னும் அதிகமான கணினிகளில் தானாகவே வருகிறது. செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பகுதிக்குள் போய் டிவைஸ் என்கிரிப்ஷன் ஆன் ஆக இருக்கிறதா என்று பாருங்கள். புரோ பதிப்பு என்றால் கன்ட்ரோல் பேனலில் பிட்லாக்கர் பக்கத்தையும் பாருங்கள்.

ஆன் ஆக இருந்தால் அந்த 48 இலக்கச் சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கின் இணையப் பக்கத்தில், உங்கள் சாதனத்தின் பெயரில் சேமிக்கப்பட்டிருக்கும். அதைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள், அல்லது போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதே கணினிக்குள் சேமித்து வைத்தால் பயன் இல்லை. சாவியோடு கூடவே ஒரு அடையாள எண் இருக்கும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். கணக்கில் பழைய கணினிகளின் சாவிகளும் வரிசையாக இருக்கலாம். கணினி கிளம்பும்போது நீலத் திரையில் பிட்லாக்கர் சாவி கேட்டால், எந்தச் சாவி என்று சொல்வது அந்த எண்தான்.

இரண்டாவது, மைக்ரோசாஃப்ட் கணக்கின் கடவுச்சொல். பின் எண்ணைப் போட்டே பழகியவர்களுக்குக் கடவுச்சொல் மறந்திருக்கும். அதைப் போட்டு உள்ளே போக முடிகிறதா என்று போனில் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

மூன்றாவது, பேக்கப். புது டிரைவில்தானே கைவைக்கிறோம் என்று தோன்றும். தவறான டிரைவைத் தேர்ந்தெடுத்து "எரேஸ்" அழுத்த ஒரே ஒரு கிளிக் போதும், திரும்பப் பெற வழியே கிடையாது. படங்கள், ஆவணங்கள், பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள் எல்லாவற்றையும் வெளி டிரைவுக்கோ கிளவுடுக்கோ ஏற்றிவிடுங்கள். ஏற்றியதில் இரண்டு மூன்று கோப்புகளைத் திறந்தும் பாருங்கள்.

நான்காவது, உங்கள் மதர்போர்டு அல்லது லேப்டாப்பின் கையேடு. தயாரிப்பாளரின் தளத்தில் மாடல் எண்ணைப் போட்டால் பிடிஎஃப் கிடைக்கும். லேப்டாப் வாரண்டியில் இருந்தால், பின்மூடியைத் திறப்பது பற்றி வாரண்டி விதியில் என்ன சொல்லியிருக்கிறது என்று படித்துவிட்டுத் தொடருங்கள். அப்புறம், வைஃபை கடவுச்சொல்.

2. எந்த டிரைவ் வாங்குவது, என்ன செலவு

உபுண்டு, ஃபெடோரா, டெபியன், லினக்ஸ் மின்ட் என்ற லினக்ஸ் வினியோகங்கள் (லினக்ஸின் வெவ்வேறு தொகுப்புகள்) எல்லாமே இலவசம். உண்மையான செலவு டிரைவ் மட்டும்தான். கையில் இல்லாவிட்டால் 8 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட ஒரு பென் டிரைவும் வேண்டும்.

கொள்ளளவுக்கு அதிகம் செலவழிக்கத் தேவையில்லை. உபுண்டு 25 ஜிபி கேட்கிறது. மின்ட் குறைந்தது 20 ஜிபி, வசதியாக 100 ஜிபி என்கிறது. புதிதாக ஆரம்பிப்பவருக்கு 240 அல்லது 256 ஜிபி எஸ்எஸ்டி தாராளம். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் சும்மா கிடந்தால் அதிலும் போடலாம், ஓடும். ஆனால் அந்த வேகத்தைப் பார்த்துவிட்டு "லினக்ஸே மெதுவானது" என்று முடிவு கட்டிவிடுவீர்கள். முடிந்தால் எஸ்எஸ்டியே வாங்குங்கள்.

வாங்கும்போது மாட்டிக்கொள்ளும் இடங்கள் இவை:

எம்.2 என்பது சிறு பட்டை போன்ற வடிவத்தின் பெயர் மட்டுமே. அதே வடிவத்தில், கணினியோடு இணையும் முறையைப் பொறுத்து, சாட்டா வகையும் உண்டு, என்விஎம்இ வகையும் உண்டு. சில ஸ்லாட்டுகள் ஒன்றை மட்டும் ஏற்கும். கையேட்டில் பார்க்காமல் வாங்கினால் டிரைவ் அழகாகப் பொருந்தும், கணினி அதை அடையாளம் காணாது. நீளத்தையும் பாருங்கள். 2280 என்றால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். சில லேப்டாப்புகளின் இரண்டாவது ஸ்லாட் இதைவிடக் குட்டையாக இருக்கும்.

சில மதர்போர்டுகளில் இரண்டாவது எம்.2 ஸ்லாட்டில் டிரைவ் போட்டதும் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டுகள் செயலிழந்துவிடும். இரண்டும் ஒரே பாதையைப் பகிர்ந்துகொள்வதுதான் காரணம். இதையும் கையேட்டில் குறிப்பிட்டிருப்பார்கள். தெரியாதவர்கள் பழைய டிரைவ் செத்துப்போய்விட்டது என்று பதறிவிடுவார்கள்.

2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி வாங்கினால் பெட்டிக்குள் கேபிள் பெரும்பாலும் இருக்காது. டேட்டா கேபிள் தனியாக வாங்க வேண்டும். பவர் கேபிளில் காலி முனை இருக்கிறதா என்றும் பாருங்கள். எம்.2 டிரைவை இறுக்கும் குட்டி ஸ்க்ரூ மதர்போர்டு பெட்டியோடு வந்திருக்கும், டிரைவோடு வருவது அரிது.

இன்னொன்று, இதை யாரும் சொல்வதில்லை: இருக்கும் டிரைவின் கொள்ளளவிலேயே புதியதையும் வாங்காதீர்கள். விண்டோஸ் 512 ஜிபியில் இருந்தால் 256 வாங்குங்கள், அல்லது 1 டிபி வாங்குங்கள். இன்ஸ்டாலர் திரையில் எது எது என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

3. விண்டோஸுக்குள் செய்து முடிக்க வேண்டியவை

ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணையுங்கள். இது ஆன் ஆக இருந்தால், ஷட் டவுன் கொடுக்கும்போது விண்டோஸ் முழுமையாக மூடுவதில்லை. பாதி உறக்கத்தில் டிரைவைப் பிடித்துக்கொண்டே போகிறது. பிறகு லினக்ஸிலிருந்து விண்டோஸ் பார்ட்டிஷனைத் திறந்தால் படிக்க மட்டுமே அனுமதிக்கும், வலிந்து எழுதினால் கோப்புகள் சிதையும். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பட்டன்கள் என்ன செய்ய வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் இணைப்பைத் திறந்தால் அந்த டிக் கட்டம் இருக்கும். மங்கலாக இருந்தால் மேலே உள்ள நிர்வாகி இணைப்பை அழுத்தியதும் உயிர் பெறும். விண்டோஸின் பெரிய அப்டேட்டுக்குப் பிறகு இது திரும்ப ஆன் ஆகிவிட்டதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

அடுத்து, ஸ்டார்ட் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறந்து, பயாஸ் மோட் என்ற வரியைப் பாருங்கள் (பயாஸ் என்பது இயங்குதளத்துக்கு முன்பே கிளம்பும் மதர்போர்டின் மென்பொருள்). யூஇஎஃப்ஐ என்று இருந்தால் அது புதிய முறை, இந்த வழிகாட்டி அப்படியே பொருந்தும். லெகசி என்று இருந்தால் பழைய முறை. அதில் பூட் லோடர் டிரைவின் தொடக்கப் பகுதியில் எழுதப்படும். லினக்ஸையும் அதே முறையில் போடுவதுதான் சிக்கல் குறைவு. மற்றபடி, பின்னால் 6-ஆம் பகுதியில் வரும், மற்ற டிரைவைக் கழற்றிவிட்டு நிறுவும் விதி அதற்கும் பொருந்தும்.

பிட்லாக்கர் இருந்தால், புரோ பதிப்பில் அதைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் 'சஸ்பென்ட்' வசதி உண்டு. பயாஸில் கைவைப்பதற்குச் சற்று முன் அதை அழுத்துங்கள். அடுத்த ரீஸ்டார்ட்டுக்குப் பின் பாதுகாப்பு தானாகத் திரும்ப வந்துவிடும் என்பதால் இதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். சாவி கையில் இருப்பதுதான் முக்கியம்.

4. ஐஎஸ்ஓவும் பென் டிரைவும்

எந்த வினியோகம் என்பதில் நாள்கணக்கில் குழம்ப வேண்டாம். விண்டோஸ் பழக்கத்திலிருந்து வருபவருக்கு லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டுவின் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) பதிப்பு. ஆர்ச் போன்றவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். உபுண்டு 24.04 எல்டிஎஸ் 2024 ஏப்ரலில் வந்தது, அதற்கு 5 ஆண்டு வழக்கமான ஆதரவு உண்டு. அதன் ஐஎஸ்ஓ (நிறுவுவதற்கான கோப்பு) சுமார் 6 ஜிபி. மின்ட் 22 ஏறக்குறைய 3 ஜிபி. டவுன்லோடு அதிகாரபூர்வத் தளத்திலிருந்து மட்டும்.

இறங்கியதும் கோப்பு முழுமையாக வந்திருக்கிறதா என்று சரிபாருங்கள். விண்டோஸ் பவர்ஷெல்லில் கெட்-ஃபைல்ஹேஷ் (Get-FileHash) கட்டளையைக் கொடுத்தால், கோப்பின் கைரேகை போன்ற 64 எழுத்து நீள ஷா-256 மதிப்பு வரும். தளத்தில் கொடுத்திருக்கும் மதிப்போடு அது அப்படியே பொருந்த வேண்டும். ஓரிரு நிமிட வேலை. நிறுவலின் நடுவில் காரணமே புரியாமல் நின்றுபோகும் பிழைகளில் பல, அரைகுறையாக இறங்கிய கோப்பால் வருபவை.

பிறகு ரூஃபஸ் அல்லது பலீனா எட்சர் செயலி மூலம் ஐஎஸ்ஓவைப் பென் டிரைவில் எழுதுங்கள். பென் டிரைவில் இருப்பதெல்லாம் அழியும். ரூஃபஸில் பார்ட்டிஷன் வகை ஜிபிடி, இலக்கு யூஇஎஃப்ஐ என்று இருக்கட்டும். எழுதும் நேரத்தில் பேக்கப் எடுத்த வெளி டிரைவைக் கணினியிலிருந்து பிடுங்கி வைத்துவிடுங்கள், அது அங்கே செருகியிருக்க எந்த அவசியமும் இல்லை.

5. பயாஸில் பார்க்க வேண்டியவை

கணினியைக் கிளப்பும்போது டெலிட் அல்லது எஃப்2 அழுத்தினால் பெரும்பாலும் பயாஸ் திறக்கும். எதை மாற்றும் முன்னும் அந்தத் திரையைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

செக்யூர் பூட்டை (நம்பகமான கையொப்பமில்லாத பூட் லோடர்களைத் தடுக்கும் பயாஸ் வசதி) அணைக்கச் சொல்லிப் பல இடங்களில் எழுதியிருப்பார்கள். உபுண்டு, ஃபெடோரா, மின்ட், டெபியன் 10-க்குப் பிந்தைய பதிப்புகள் எல்லாம் செக்யூர் பூட் ஆன் ஆக இருக்கும்போதே கிளம்பும். அதை ஆன் ஆகவே விடுங்கள். அணைத்தால் பிட்லாக்கர் சாவி கேட்கும், சில விளையாட்டுகள் விண்டோஸில் ஓட மறுக்கும்.

உண்மையில் தொல்லை கொடுப்பது ஸ்டோரேஜ் மோட், அதாவது மதர்போர்டு டிரைவுகளோடு பேசும் முறை. இன்டெல் கணினிகள் பலவற்றில் இது ரெய்டு அல்லது ஆர்எஸ்டி (இன்டெலின் சொந்த முறை) என்று வைக்கப்பட்டிருக்கும். அப்படி இருந்தால் லினக்ஸ் இன்ஸ்டாலருக்கு டிரைவே தெரியாமல் போகலாம், அல்லது ஆர்எஸ்டியை அணைக்கச் சொல்லி நின்றுவிடும். இதை ஏஎச்சிஐ என்ற பொதுவான முறைக்கு மாற்ற வேண்டும். ஆனால் நேராகப் போய் மாற்றினால் விண்டோஸ் நீலத் திரையில் நின்றுவிடும்.

சரியான வரிசை இதுதான்: விண்டோஸில் சிஸ்டம் கான்ஃபிகரேஷனைத் திறந்து, பூட் தாவலில் சேஃப் பூட்டை டிக் செய்யுங்கள். ரீஸ்டார்ட் கொடுத்து, விண்டோஸுக்குள் போகாமல் நேரே பயாஸுக்குள் போங்கள். ஏஎச்சிஐ ஆக்கிச் சேமியுங்கள். விண்டோஸ் இப்போது சேஃப் மோடில் கிளம்பி, தேவையான டிரைவரை ஏற்றிக்கொள்ளும். திரும்பவும் சிஸ்டம் கான்ஃபிகரேஷன் போய் அந்த டிக்கை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். சேஃப் மோடில் நுழையும்போது பின் எண் வேலை செய்யாமல் கடவுச்சொல்லைக் கேட்கக்கூடும். முதல் படியில் அதைச் சோதிக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். உங்கள் கணினியில் உண்மையிலேயே பல டிரைவுகளைச் சேர்த்து ரெய்டு அமைத்திருந்தால் இதைத் தொடவே கூடாது.

6. பழைய டிரைவைக் கழற்றுங்கள், புதியதை மாட்டுங்கள்

இந்த முழு வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்றுவேன் என்றால் இதைப் பின்பற்றுங்கள். விண்டோஸ் டிரைவ் கணினியில் இல்லாதபோது நிறுவினால், இன்ஸ்டாலர் தவறு செய்ய இடமே இல்லை. தவறான டிரைவை அழிக்க முடியாது, பூட் லோடரை வேறெங்கும் வைக்க முடியாது.

மேசைக் கணினியில் சாட்டா டிரைவ் என்றால் அதை வெளியே எடுக்கக்கூடத் தேவையில்லை, டேட்டா கேபிளைப் பிடுங்கினால் போதும். பவர் சப்ளையை அணைத்து, சுவரிலிருந்து பிளக்கை எடுத்து, பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வடியவிடுங்கள். கேபினெட்டின் உலோகத்தைத் தொட்டுவிட்டு உள்ளே கை வையுங்கள்.

லேப்டாப் என்றால் சார்ஜரைக் கழற்றி, பின்மூடியைத் திறந்ததும் முதல் வேலையாக பேட்டரி இணைப்பை எடுத்துவிடுங்கள். எம்.2 டிரைவின் ஸ்க்ரூவைக் கழற்றினால் அது தானாகச் சாய்வாக எழும்பும், அப்படியே மெல்ல இழுங்கள். எந்த ஸ்லாட்டில் இருந்தது என்று குறித்துக்கொண்டு, புது டிரைவ் வந்த உறையில் பழையதை வைத்துவிடுங்கள். புதியதையும் அதே சாய்வில் செருகி, பிறகு அமுக்கி ஸ்க்ரூ போடுங்கள். ஹீட்சிங்க் இருந்தால் அதன் ஒட்டும் பட்டையில் உள்ள பிளாஸ்டிக் தாளை உரித்துவிட்டீர்களா என்று பாருங்கள்.

மூடியை இப்போதே முழுதாக ஸ்க்ரூ போட்டு இறுக்க வேண்டாம். இன்னும் ஒருமுறை திறக்க வேண்டியிருக்கிறது.

7. நிறுவுதல்

பென் டிரைவைச் செருகி, கணினியைக் கிளப்பும்போது பூட் மெனுவுக்கான விசையை அழுத்துங்கள். டெல், லெனோவோவில் எஃப்12. எச்பியில் எஃப்9. எம்எஸ்ஐ, ஏஎஸ்ராக்கில் எஃப்11. ஏசஸ் மேசைக் கணினிகளில் எஃப்8, ஏசஸ் லேப்டாப்பில் எஸ்கேப். பட்டியலில் பென் டிரைவின் பெயர் இரண்டு முறை வந்தால், முன்னால் யூஇஎஃப்ஐ என்று போட்டிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். திரை கறுப்பாகவே நின்றால், ரீஸ்டார்ட் செய்து உபுண்டுவில் சேஃப் கிராஃபிக்ஸ், மின்ட்டில் கம்பாட்டிபிலிட்டி மோட் என்ற வரியை எடுங்கள்.

முதலில் நிறுவாமல், சோதித்துப் பார்க்கும் லைவ் முறையில் உள்ளே போங்கள். வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, டச்பேட், திரை வெளிச்சம் எல்லாம் சரியா என்று ஓட்டிப் பாருங்கள். இங்கே வேலை செய்யாதது நிறுவிய பின்னும் அநேகமாகச் செய்யாது. இப்போதே தெரிந்தால் வேறு வினியோகத்தை முயற்சி செய்து பார்க்கலாம், எதையும் இழக்கவில்லை.

எல்லாம் திருப்தி என்றால் இன்ஸ்டால் கொடுங்கள். விண்டோஸ் டிரைவ் வெளியே இருப்பதால், "டிஸ்க்கை முழுதாக அழித்து நிறுவு" என்ற விருப்பத்தை மனக்கலக்கமின்றித் தேர்ந்தெடுக்கலாம். ஆனாலும் கொள்ளளவைப் பார்த்துவிட்டு அழுத்துங்கள். பார்ட்டிஷன்களை எல்லாம் அது பார்த்துக்கொள்ளும். பூட் லோடருக்கான ஈஎஃப்ஐ பார்ட்டிஷனையும் புது டிரைவிலேயே உண்டாக்கும். நமக்கு வேண்டியது அதுதான்.

டிரைவை என்கிரிப்ட் செய்யவா என்று கேட்கும். லேப்டாப்பை வெளியே கொண்டுபோகிறவர்கள் செய்யலாம். அந்தக் கடவுச்சொல்லை மறந்தால் மீட்டுத்தர யாராலும் முடியாது என்பதை நினைவில் வைத்து முடிவெடுங்கள். பயனர் பெயரை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் கொடுங்கள்.

என்விடியா கிராஃபிக்ஸ், சில வைஃபை சிப்புகள் உள்ளவர்கள் மூன்றாம் தரப்பு டிரைவர்களை நிறுவும் கட்டத்தை டிக் செய்யுங்கள். செக்யூர் பூட் ஆன் ஆக இருந்தால் அங்கே ஒரு தற்காலிகக் கடவுச்சொல் உருவாக்கச் சொல்லும். ரீஸ்டார்ட் ஆனதும் மோக் மேனேஜ்மென்ட் என்று ஒரு நீலத் திரை வரும். அது சில விநாடிகள்தான் காத்திருக்கும், அதற்குள் விசைப்பலகையில் ஏதாவது ஒரு விசையை அழுத்துங்கள். எந்த விளக்கமும் இல்லாமல் திடீரென்று வருவதால் பலர் ஏதோ பிழை என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். பிறகு டிரைவர் ஏறாமல் நாள் முழுக்க அல்லாட வேண்டியிருக்கும். என்ரோல் மோக், கன்டினியூ, யெஸ் என்று வரிசையாகப் போய் அந்தக் கடவுச்சொல்லைக் கொடுங்கள்.

பென் டிரைவை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட். லினக்ஸ் தனியாக, விண்டோஸ் டிரைவின் நிழல்கூட இல்லாமல் கிளம்பினால் கடினமான பகுதி முடிந்தது.

8. கழற்றவே முடியாது என்றால்

விண்டோஸ் டிரைவ் மதர்போர்டிலேயே ஒட்டப்பட்டிருக்கலாம், வாரண்டி தடுக்கலாம். முதலில் பயாஸில் தேடுங்கள், சிலவற்றில் குறிப்பிட்ட டிரைவை மட்டும் செயலிழக்கச் செய்ய முடியும். அது கழற்றியதற்குச் சமம்.

அதுவும் இல்லையென்றால் கையால் பார்ட்டிஷன் பிரிக்கும் வழிதான். இன்ஸ்டாலரில் மேனுவல் பார்ட்டிஷனிங் எடுத்து, புது டிரைவில் 512 எம்பி முதல் 1 ஜிபி வரை ஒரு ஈஎஃப்ஐ பார்ட்டிஷன், மிச்சத்தில் ஈஎக்ஸ்டி4 (லினக்ஸின் கோப்பு முறை) ரூட் பார்ட்டிஷன், அதாவது லினக்ஸ் உட்காரும் முதன்மைப் பார்ட்டிஷன் என்று உருவாக்குங்கள். பூட் லோடர் எங்கே என்ற இடத்தில் புது டிரைவைக் காட்டுங்கள்.

இங்கேதான் பொறி. உபுண்டுவின் பழைய இன்ஸ்டாலர், நீங்கள் எந்த டிரைவைக் காட்டினாலும் முதலில் கண்ணில் படும் ஈஎஃப்ஐ பார்ட்டிஷனில் போய்ப் பூட் லோடரை வைத்துவிடும். பல ஆண்டுகளாக அறியப்பட்ட குறை இது, மின்ட் 22-இலும் இருப்பது அந்த இன்ஸ்டாலர்தான். இதைச் சமாளிக்க, லைவ் முறையிலேயே ஜிபார்ட்டெட் செயலியைத் திறந்து, விண்டோஸ் டிரைவின் ஈஎஃப்ஐ பார்ட்டிஷனில் மேனேஜ் ஃபிளாக்ஸ் போய், பூட், ஈஎஸ்பி என்ற இரண்டு குறிகளையும் எடுத்துவிடுங்கள். பிறகு நிறுவுங்கள். முடிந்ததும், ரீஸ்டார்ட் செய்வதற்கு முன்பே, அந்தக் குறிகளைத் திரும்ப வைத்துவிடுங்கள். இந்தக் கடைசிப் பகுதியைக் காகிதத்தில் எழுதிக் கண்முன் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். மறந்தால் விண்டோஸ் கிளம்பாமல் போகலாம்.

இந்த வழியில் போனவர்கள் லினக்ஸுக்குள் டிஸ்க்ஸ் செயலியைத் திறந்து, பூட் ஈஎஃப்ஐ (/boot/efi) என்ற இடத்தில் ஏற்றப்பட்டிருக்கும் பார்ட்டிஷன் எந்த டிரைவில் இருக்கிறது என்று பார்த்தாக வேண்டும். புது டிரைவில் இருந்தால் வெற்றி.

தலைகீழாக, லினக்ஸ் இருக்கும் கணினியில் இரண்டாவதாக விண்டோஸ் போடுகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை. விண்டோஸ் இன்ஸ்டாலரும் ஏற்கெனவே இருக்கும் ஈஎஃப்ஐ பார்ட்டிஷனில் போய் உட்கார்ந்துகொள்ளும். லினக்ஸ் டிரைவைக் கழற்றிவிட்டுத்தான் விண்டோஸ் போட வேண்டும்.

9. திரும்ப மாட்டி, கிளப்பிப் பார்ப்பது

கணினியை அணைத்து, முன்பு செய்த அதே மின்சார முன்னெச்சரிக்கைகளோடு பழைய டிரைவை அதே ஸ்லாட்டில் மாட்டுங்கள். பயாஸுக்குள் போனால் பூட் வரிசையில் விண்டோஸ் பூட் மேனேஜரும் லினக்ஸும் தனித்தனி வரிகளாகத் தெரியும். தினமும் எதைப் பயன்படுத்துவீர்களோ அதை முதலில் வையுங்கள். மற்றது வேண்டும்போது பூட் மெனுவுக்கான விசையை அழுத்தினால் போதும்.

லினக்ஸின் பூட் லோடரான கிரப்பின் மெனுவில் விண்டோஸ் தெரியவில்லை என்று பலர் பதறுகிறார்கள். 2021-இல் வந்த கிரப் 2.06 முதல், மற்ற இயங்குதளங்களைத் தேடும் வசதி இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கிறது. அதை இயக்க வழி உண்டு, ஆனால் நான் பரிந்துரைக்க மாட்டேன். கிரப் வழியாக விண்டோஸைக் கிளப்பினால் பிட்லாக்கர் அதை அந்நியமாகப் பார்த்துச் சாவி கேட்கக்கூடும். அதோடு, விண்டோஸுக்குள் போக லினக்ஸ் டிரைவின் தயவு தேவை என்றாகிவிடும். அதைத் தவிர்க்கத்தானே இவ்வளவு பாடுபட்டோம்?

விண்டோஸை ஒருமுறை முழுதாகக் கிளப்பிப் பாருங்கள். சாவி கேட்டால் கொடுங்கள், பெரும்பாலும் ஒருமுறையோடு நின்றுவிடும். இப்போது மூடியை இறுக்கலாம்.

10. முதல் வாரத்தில் தலைகாட்டும் தொல்லைகள்

கடிகாரம். லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு வந்தால் நேரம் சில மணி நேரம் தள்ளிக் காட்டும். மதர்போர்டு கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகப் படிக்கிறது, லினக்ஸ் உலகப் பொது நேரமாகப் படிக்கிறது. லினக்ஸ் டெர்மினலில் டைம்டேட்சிடிஎல் கட்டளையின் செட்-லோக்கல்-ஆர்டிசி விருப்பத்தை 1 ஆக்கினால் (timedatectl set-local-rtc 1) சண்டை தீரும்.

ஃபார்மட் கேள்வி. லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 பார்ட்டிஷனை விண்டோஸால் படிக்க முடியாது. "இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்" என்று என்றாவது கேட்டால் கேன்சல் மட்டும்தான் பதில். வீட்டில் வேறு யாராவது அந்தக் கணினியைத் தொடுவார்கள் என்றால் அவர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

இரண்டிலும் பயன்படுத்தும் கோப்புகளுக்கு எக்ஸ்ஃபேட் முறையில் ஒரு தனிப் பார்ட்டிஷன் வைத்துக்கொள்ளலாம், இரண்டுமே அதைப் படிக்கும், எழுதும். விண்டோஸை ஹைபர்னேட் செய்துவிட்டு லினக்ஸுக்குள் போய் அதில் எழுதுவது மட்டும் கூடாது.

கடைசியாக ஒன்று. டிரைவ் இரண்டானாலும் மதர்போர்டு ஒன்றுதான். செக்யூர் பூட் எதை நிராகரிக்க வேண்டும் என்ற பட்டியல், பிட்லாக்கர் சாவியைக் காக்கும் டிபிஎம் சிப், கடிகாரம், பூட் வரிசை எல்லாம் அதில் பொதுவாக இருக்கின்றன. 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட், பழைய லினக்ஸ் பூட் லோடர்களைச் செக்யூர் பூட் நிராகரிக்கும்படி செய்துவிட்டது. "ஷிம் எஸ்பேட்" சரிபார்ப்பு தோல்வி என்ற செய்தியோடு பல கணினிகளில் லினக்ஸ் நின்றுபோனது. அந்தப் பட்டியல் டிரைவில் இல்லாமல் மதர்போர்டின் நினைவகத்தில் இருப்பதால் தனி டிரைவ் வைத்திருந்தவர்களும் தப்பவில்லை. அதனால் லினக்ஸைப் பல மாதம் தொடாமல் போட்டு வைக்காதீர்கள், மாதம் ஒருமுறையாவது கிளப்பி அப்டேட் செய்யுங்கள். நிறுவப் பயன்படுத்திய பென் டிரைவையும் அழிக்காமல் வைத்திருங்கள், ஏதாவது மக்கர் செய்தால் லைவ் முறையில் உள்ளே போக அதுதான் வழி.

11. லினக்ஸ் வேண்டாம் என்று ஆகிவிட்டால்

பயாஸில் விண்டோஸ் பூட் மேனேஜரை முதலிடத்துக்குக் கொண்டுவந்துவிட்டு லினக்ஸ் டிரைவைக் கழற்றிவிடலாம். விண்டோஸில் எந்தப் பழுது நீக்கும் வேலையும் தேவைப்படாது. அந்த டிரைவை வேறு எதற்காவது பயன்படுத்த வேண்டுமென்றால், விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் ஈஎஃப்ஐ பார்ட்டிஷனை அழிக்கும் வரி மங்கலாகவே இருக்கும். பென் டிரைவிலிருந்து லைவ் முறையில் கிளம்பி, டிஸ்க்ஸ் செயலியில் டிரைவின் மாடல் பெயரையும் கொள்ளளவையும் பார்த்து உறுதி செய்துகொண்டு, முழு டிஸ்க்கையும் ஃபார்மட் கொடுத்தால் முடிந்தது. பயாஸ் பட்டியலில் லினக்ஸின் பெயர் சில நாள் ஒட்டிக்கொண்டிருந்தால் அப்படியே விட்டுவிடலாம், அதனால் எந்தக் கெடுதலும் இல்லை.